முன்வரிசையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்

ஆலயத்தில் தூங்குவது பாவமா என்று லிஃப்ட் மெக்கானிக்கைக் கேட்டால், அதெல்லாம் தெரியாது, ஆனால் அந்த மாதிரித் தூக்கம் வேறெங்கும் வராது என்பார். மெத்தை மாற்றிப் பார்த்தார், தலையணை மாற்றிப் பார்த்தார், வீட்டில் வரவே இல்லை. ஆலயத்தில் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் போதும், போதகர் "மூன்றாவதாக" என்று சொல்லும் இடம் வந்ததும் கண் தானாகச் செருகிவிடும். வாரம் முழுக்க யாராவது ஒருவர் எங்கேயாவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிற தொழில் அது. அவர்களை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, கிரீஸ் போகாத நகங்களோடு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து உட்கார்ந்தால் உடம்பு வேறென்ன செய்யும்?

பக்கத்தில் புதினா அக்கா உட்கார்ந்திருப்பார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் கைத்தடி ஊன்றி நடப்பார், அதனால் எப்போதும் முதல் பாட்டு முடிந்த பிறகுதான் வந்து சேர்வார். அவர் கைப்பையில் புதினா மிட்டாய் தீர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. மெக்கானிக் குறட்டை விட ஆரம்பித்தால் ஒரு மிட்டாயை உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். அதற்கும் எழவில்லை என்றால் கைத்தடி முனை காலில் இறங்கும். "தம்பி, கடைசி ஸ்டாப் வந்துருச்சு, எறங்கு" என்பார் காதோடு. கண் விழித்துப் பார்த்தால் போதகர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கியிருப்பார். இந்த ஏற்பாடு பல வருடங்களாக நடந்தது. மேலிடத்திலிருந்து எந்தப் புகாரும் வந்ததில்லை.

அப்புறம்தான் புதுச் செயலாளர் வந்தார்.

எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை குத்தியே தலை நரைத்தவர். சபைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்த அன்றே மைக்கைக் கையில் வாங்கினார்.

"அன்பர்களே, சினிமாவுக்குப் போனா டைட்டில்கூட விடாம பாக்கறோம். டாக்டரைப் பாக்கப் போனா நாள் பூரா வாயப் பொத்திக்கிட்டு உக்கார்றோம். கடவுளைப் பாக்க வந்தா மட்டும் கொட்டாவி. நான் வாழ்நாள் முழுக்க எடை போட்டவன். எடை குறைஞ்சா எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சிரும். இந்தச் சபை எடை குறைவு!"

மெக்கானிக் சரியாக அந்த 'எடை குறைவு' என்ற இடத்தில்தான் விழித்தார். எல்லாரும் தலை குனிந்திருப்பதைப் பார்த்து அவரும் குனிந்தார். சொன்னதில் தப்பும் இல்லையே என்று தோன்றியது. முகம் சூடாகிவிட்டது. புதினா அக்கா மட்டும் மிட்டாயின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டு, "தராசைக் கொண்டாந்து காட்டட்டும், நான் ஏறி நிக்கறேன்" என்றார்.

அடுத்த வாரமே 'ஆராதனை முனைப்புக் குழு' பிறந்தது. அதற்கடுத்த வாரம் பெஞ்சுகளில் பலகை ஏறியது. முன்வரிசைகளுக்கு 'முழு முனைப்பு'. நடுவரிசைகளுக்கு 'வளரும் முனைப்பு'. தூணுக்குப் பின்னாலிருந்த பெஞ்சில் 'கவலைக்கிடம்' என்று எழுதியிருந்தது.

குழுவினர் சும்மா இருக்கவில்லை. பிரசங்கத்துக்கு நடுவில் இருமுவது கவனத்தைக் குலைக்கிறது என்று பிரசங்கத்துக்கு முன்னால் 'இருமல் நேரம்' ஒதுக்கினார்கள். மணி அடித்ததும் சபை மொத்தமும் இரும வேண்டும். இருமல் இல்லாதவர்களும் வருங்காலத்தை நினைத்து இருமினார்கள். போதகரும் இருமினார். பாவம், அவர் சாதுவான மனிதர், மைக்கை அணைக்க மறந்துவிட்டு இருமினார். சனிக்கிழமை சாயங்காலம் 'ஆமென்' வகுப்பு. தொண்டையிலிருந்து வரும் ஆமெனை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், அடிவயிற்றிலிருந்து எழ வேண்டும். பின்னால் திரும்பிப் பார்ப்பது பெரிய குற்றம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து எல்லாருடைய போனையும் அதில் போடச் சொன்னார்கள். அணைக்க மறந்த போன்கள் எல்லாம் சேர்ந்து அதிர்வதில், ஆராதனை நேரத்தில் அந்தத் தொட்டி தனியாக உட்கார்ந்து முனகி ஜெபம் செய்வதுபோல் இருக்கும்.

ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடுகிறார்களா என்று பார்க்கக் குழுவில் மூன்று பேர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு தச்சர் எழுந்து கேட்டே விட்டார்.

"அப்ப நீங்க எப்ப ஜெபம் பண்ணுவீங்க?"

"எங்களுக்கும் சேத்து நீங்க பண்றீங்க, பிரதர்" என்றார் செயலாளர்.

"சரி, நீங்க மூணு பேரும் கண்ணைத் தொறந்து வச்சிருக்கீங்களான்னு யாரு பாக்கறது?"

"அதுக்கு ஒரு துணைக்குழு போட்டிருக்கோம்."

தச்சரைக் கவலைக்கிடத்துக்கு மாற்றினார்கள்.

மெக்கானிக்கின் தலையெழுத்து மாறிய ஞாயிறு அது. போனைத் தொட்டியில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பிரசங்கம் பாதியில் போன் அதிர்ந்தது. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு கர்ப்பிணியும் அவள் மாமியாரும். மெக்கானிக் குனிந்தபடியே வெளியேறினார். வாசலில் செயலாளர் கைகட்டி நின்றார்.

"எங்க பிரதர்?"

"லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டாங்க சார். அவசரம்."

"ஞாயித்துக்கிழமை காலையில அவங்களுக்கு லிஃப்ட்ல என்ன வேலை?"

"தெரியலையே சார்."

"யோசிச்சுப் பாருங்க. ஆராதனைக்கு வந்திருந்தா மாட்டியிருப்பாங்களா?"

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். மாட்டியிருக்க மாட்டார்கள்தான். ஒப்புக்கொண்டுவிட்டு ஓடினார். கர்ப்பிணியையும் மாமியாரையும் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது ஆலயம் காலி. மனைவி மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள், பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு.

மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க மூக்குக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டே உதட்டுக்குள் பாடுவாள். பாட்டுக்குழுவில் வெகுகாலமாகப் பின்வரிசைக் குரல். தனிப்பாட்டெல்லாம் ஆர்கன் வாசிப்பவரின் கொழுந்தியாளுக்கே போகும். இந்த வருடம்தான், கொழுந்தியாள் வெளியூருக்கு மாற்றலாகிப் போன புண்ணியத்தில், ஆலயம் திறந்த நாளைக் கொண்டாடும் பெரிய பிரதிஷ்டை ஆராதனையின் தனிப்பாட்டு இவளுக்குக் கிடைத்திருந்தது. கிடைத்த அன்று இரண்டு கண்ணாடிகளைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, முதலாளியிடம் சிரித்துக்கொண்டே திட்டு வாங்கியவள்.

"என்னாச்சு?" என்றார் மெக்கானிக்.

"செயலாளர் கூப்பிட்டுச் சொன்னாரு. பாடறவங்க வீட்டுலயே முனைப்பு இல்லன்னா அந்தக் குரல் மேல ஏறாதாம். பாதி வழியில நின்னுருமாம்."

"லிஃப்ட் மாதிரியா?"

மனைவி சிரிக்கவில்லை. அதைச் சொன்னதற்காக மெக்கானிக் வீடு வரைக்கும் வெட்கப்பட்டுக்கொண்டே நடந்தார்.

அந்த வாரம் வீட்டில் பாட்டு இல்லை. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும். வியாழக்கிழமை அவரால் தாங்க முடியவில்லை.

"நான் போயி அவருகிட்டப் பேசட்டுமா?"

"நீங்க ஒண்ணும் பேச வேணாம். தூங்காம உக்காருங்க, எந்திரிச்சு ஓடாம இருங்க. எனக்கு அது போதும்."

அவ்வளவுதான் கேட்டாள். ஒரு மனுஷன் பெண்டாட்டிக்காக இதுகூடச் செய்ய மாட்டானா? மெக்கானிக் கூட வேலை பார்ப்பவரிடம் ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளை ஒப்படைத்தார். ஆமென் வகுப்பில் சேர்ந்தார். முதல் நாள் அவருடைய ஆமெனைக் கேட்ட பயிற்சியாளர், "பிரதர், இது கதவு சாத்தற சத்தம்" என்றார். மூன்றாவது வகுப்பில் அது அடிவயிற்றிலிருந்து எழுந்தது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

தூக்கத்தைச் சமாளிக்கத்தான் சிரமப்பட்டார். பெஞ்சில் உட்கார்ந்தால்தானே தூக்கம் வரும் என்று முழங்காலிலேயே நின்றார். லிஃப்ட் குழிக்குள் தவழ்ந்து தவழ்ந்து தேய்ந்த முழங்கால்கள். சிமெண்ட் தரையில் பட்டதும் உச்சந்தலை வரை வலி ஏறியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

கண்ணைத் திறந்து வைத்திருந்த மூன்று பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் அவர் தோளில் கை வைத்தார். "பிரதர், எத்தனையோ எடைக்கல்லு பாத்திருக்கேன். இன்னிக்குத்தான் கண்ணீருக்கு எடை இருக்கறதைப் பாத்தேன்."

"முட்டி வலி சார்" என்று சொல்ல வாயெடுத்தார் மெக்கானிக். அந்தப் பக்கம் மனைவி நின்றுகொண்டிருந்தாள், முகமெல்லாம் நம்பிக்கை. வாயை மூடிக்கொண்டார்.

மறுவாரம் அவரை வளரும் முனைப்புக்கு மாற்றினார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து தன் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது புதினா அக்கா ஒரு மிட்டாயை நீட்டினார்.

"போயிட்டு வா தம்பி. சீட்டு மாத்திக் குடுத்துட்டாங்க, எக்ஸ்பிரஸ் வண்டி."

"பாட்டுக்காகத்தான் அக்கா. அவ பாட்டு முடிஞ்சதும் இங்கயே வந்துருவேன்."

"வா, வா. தூணு எங்க போயிரப் போகுது?"

அங்கிருந்து முன்வரிசைக்குப் போக அதிக நாள் ஆகவில்லை. முழங்கால்கள் நன்றாக ஒத்துழைத்தன. ஒரு ஞாயிறு நடுவரிசையில் முழங்காலிட்டிருந்தபோது பின்னாலிருந்து கைத்தடி தரையில் டக் டக்கென்று தட்டும் சத்தம். அக்கா வந்துவிட்டார், வழக்கம்போலத் தாமதம். "தம்பி" என்று மெதுவாக ஒரு குரல். திரும்பிப் பார்ப்பது குற்றம். மெக்கானிக் திரும்பவில்லை. டக் டக் சத்தம் கொஞ்சம் நின்று, பிறகு தூணை நோக்கிப் போனது. அன்று அவர் கண்ணிலிருந்து வந்த தண்ணீரில் முட்டி வலியின் பங்கு எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. குழு அதையும் நல்ல மதிப்பிலேயே எடுத்துக்கொண்டது. மனைவிக்குத் தனிப்பாட்டு திரும்பக் கிடைத்தது. வீட்டில் மறுபடி பாட்டுச் சத்தம் கேட்டது. மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டபடி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார்.

டக் டக் சத்தம் குழுவின் காதிலும் விழாமல் இல்லை. தாமதமாக வருகிறவர்கள், மெதுவாக நடக்கிறவர்கள், கைத்தடிக்காரர்கள் எல்லாரும் சபையின் முனைப்பைக் குலைக்கிறார்கள் என்று முடிவானது. அவர்களைப் பாட்டுக்குழு நிற்கும் பின்மாடிக்கு ஏற்றிவிட்டால் கீழே யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் அவர்களால் படி ஏற முடியாதே? லிஃப்ட் வைத்துவிட்டார்கள். பெரிய பிரதிஷ்டை ஆராதனை அன்றே அதையும் திறந்து வைப்பதாக ஏற்பாடு. வாசலில் பெரிய பேனர்: 'நடக்க இயலாதோரை உயர்த்தும் சபை'. அதில் கைத்தடியோடு சிரிக்கும் புதினா அக்கா. மிட்டாய் கன்னத்தில் ஒதுங்கியிருப்பது படத்திலேயே தெரிந்தது.

லிஃப்டைப் பொருத்தியது செயலாளருக்கு வேண்டிய ஒரு கம்பெனி. சரிபார்க்க மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். மேல்மாடிக் கதவின் பூட்டு சில நேரம் சரியாகக் கவ்வவில்லை. கவ்வவில்லை என்றால் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

"இன்னும் ஒரு வாரம் வேணும் சார். அட்ஜஸ்ட் பண்ணிட்டு அப்பறம் ஆளை ஏத்தலாம்."

"பேனர் கட்டியாச்சு. மண்டலத் தலைவர் வர்றாரு. நம்பிக்கையோட விடுங்க பிரதர்."

"நம்பிக்கை இருக்கு சார். பூட்டுதான் கவ்வல."

செயலாளர் பேச்சை மாற்றினார். "அதிருக்கட்டும். இந்த அவசர மணி ஏன் இவ்வளவு சத்தமா அடிக்குது? ஆராதனைக்கு நடுவுல யாராவது தெரியாம அமுக்கிட்டா? கொஞ்சம் கொறைச்சு வைங்க. ஆராதனைக்கு ஏத்த மாதிரி."

"மணிய மட்டும் கொறைக்க மாட்டேன் சார்."

மெக்கானிக் வாழ்க்கையில் செயலாளரிடம் மாட்டேன் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். கூடவே, மணியை இன்னும் நன்றாகக் கேட்கும்படி ஆலயக் கூடத்துச் சுவரிலேயே தன் கையால் எடுத்து மாட்டினார். அன்று கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

சனிக்கிழமை புதினா அக்காவை வைத்து ஒத்திகை. அவர் லிஃப்டுக்குள் போகாமல் வாசலிலேயே கைத்தடியை ஊன்றி நின்றுவிட்டார்.

"ஜன்னலே இல்லாத வண்டியில நான் ஏறினதில்லப்பா."

"நான் கூட வர்றேன் அக்கா. ஒண்ணும் ஆகாது."

"நாளைக்கு நீ முன்வரிசையில இருப்ப. வண்டி நின்னுட்டா?"

"இதோ இந்தப் பொத்தானை அமுக்குங்க. மணி கேட்டா நான் எங்க இருந்தாலும் வந்துருவேன். என் தொழிலே அதுதான?"

அக்கா பொத்தானை ஒருமுறை அமுக்கினார். கூடத்தில் கணீரென்று மணி கேட்டது. முகம் மலர்ந்தது. "ஒண்ணு அடிச்சா வண்டி நிக்கணும். ரெண்டு அடிச்சா வண்டி கெளம்பணும். எங்க பஸ்ல அதான் சட்டம், ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லி இரண்டு முறை அமுக்கிக் காட்டினார். சிரித்துக்கொண்டே மேலே போய் இறங்கினார்கள். அன்று பூட்டு கவ்வியது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. மண்டலத் தலைவர் மேடையில், பக்கத்தில் செயலாளர் மைக்கோடு, சற்றுத் தள்ளிப் போதகர். மெக்கானிக் முதல் வரிசையில், கோட்டு சூட்டோடு. இருமல் நேரம் முடிந்தது, தலைவரும் ஆர்வமாக இருமினார். அடுத்தது குழுவின் தலைசிறந்த கண்டுபிடிப்பான 'பேரமைதி'. எல்லாரும் முழங்காலிட்டுக் கண்ணை மூட வேண்டும். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. அமைதி முற்றியதும் செயலாளர் கையைக் காட்டுவார், பின்மாடியிலிருந்து தனிப்பாட்டு எழும். பாட்டு முடியும்வரை யாரும் அசையக்கூடாது.

மெக்கானிக் முழங்காலிட்டார். கோட்டுப் பையில் இருந்த லிஃப்ட் கதவுச் சாவி தொடையில் குத்தியது. ஒரு பழக்கத்தில் அதை எடுத்து வந்திருந்தார்.

பேரமைதி முற்றியது.

கணீர்.

சுவரில் அவர் மாட்டிய மணி ஒரு தடவை அடித்தது.

யாரும் அசையவில்லை. மெக்கானிக்கின் தோள் மட்டும் தூக்கிப் போட்டது. ஒன்று அடித்தால் வண்டி நிற்க வேண்டும். நின்றுவிட்டது போலிருக்கிறது.

செயலாளர் மைக்கில் கிசுகிசுத்தார். "சோதனை வருது. யாரும் அசையாதீங்க."

கணீர், கணீர்.

இரண்டு. வண்டி கிளம்பணும். இனி யார் உள்ளே இருப்பது என்று சந்தேகப்பட வழியே இல்லை. அக்காதான், வழக்கம்போலத் தாமதமாக வந்து ஏறியிருக்கிறார். மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு தனக்குத்தானே பாடம் நடத்த ஆரம்பித்தார். காற்று வரும், மேலே துவாரம் இருக்கிறது. கயிறு அறுந்து விழாது. நடுவில் நின்ற லிஃப்டில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஒரே ஒரு பாட்டு. பாட்டு முடிந்ததும் முதல் ஆளாக ஓடிவிடலாம். மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று வழக்கமாக அவர் சொல்கிற வார்த்தைகள்தான் அவை. அவர்கள் எப்படி அதை நம்பினார்கள் என்று இப்போது ஆச்சரியமாக இருந்தது.

போதகர் ஒரு கண்ணைத் திறந்தார். செயலாளர் அவரைப் பார்த்தார். போதகர் கண்ணை மூடிக்கொண்டார்.

கணீர், கணீர்.

செயலாளர் கையைக் காட்டினார். மேலே மனைவியின் குரல் எழுந்தது. மெக்கானிக் அந்தப் பாட்டைச் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறார், குளியலறையிலிருந்து கேட்டிருக்கிறார். இவ்வளவு பெரிய கூடத்தில் அது இப்படி விரியும் என்று அவருக்குத் தெரியாது. முதல் வரி கூரை வரை போய்த் திரும்பி வந்தது. முட்டி வலிக்காமலே கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம், அக்கா. இன்னும் கொஞ்சம்.

கணீர், கணீர். கணீர், கணீர்.

இரண்டாவது வரியின் நடுவில் பாட்டு நின்றது.

அது கலைநயமான இடைவெளி என்று நினைத்த யாரோ அடிவயிற்றிலிருந்து "ஆமென்" என்றார். பின்மாடியில் ஏதோ கதவைத் தட்டும் சத்தம். "அக்கா, நான்தான், பயப்படாதீங்க!" பிறகு படிகளில் தடதடவென்று காலடிகள். மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பது குற்றம். காலடிகள் நடுப்பாதையில் ஓடி வந்து அவருக்குப் பின்னால் நின்றன. தோளில் ஒரு கை விழுந்தது.

"சாவி எங்க?"

மனைவிக்கு மூச்சு வாங்கியது. அவர் பையைத் தடவினார், சாவி துணியில் மாட்டிக்கொண்டது.

"உங்களுக்குக் கேக்கலையா?" என்று கேட்டாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவருடைய காதில் ஏதோ கோளாறாக இருக்கும் என்று நினைத்தவள் மாதிரி.

அவர் சாவியை உருவிக்கொண்டு எழுந்தார். மரத்துப்போன கால்கள் மடங்கின. மனைவி அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். முழு முனைப்பு வரிசை முழுவதும் கண்ணை மூடியபடி வழி விட்டது.

லிஃப்ட் இரண்டு தளத்துக்கும் நடுவில் நின்றிருந்தது. பூட்டு கவ்வவில்லை. கீழ்க்கதவைத் திறந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். கைத்தடி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், வேர்வையில் சேலை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கைப்பை திறந்து கிடந்தது. ஒரு கை இன்னும் பொத்தான்மீது இருந்தது. மெக்கானிக் ஸ்டூல் போட்டு ஏறி, அவரை அணைத்துப் பிடித்து இறக்கினார். மனைவி தண்ணீர் கொடுத்தாள். அக்கா குடித்து முடித்து, வாயைத் துடைத்து, அவர் முகத்தைப் பார்த்தார்.

"மணி ரிப்பேர் போலிருக்கு தம்பி."

மெக்கானிக் உள்ளே கிடந்த செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தார்.

"அமுக்கி அமுக்கி விரலே போச்சு. உள்ள இருந்தா சத்தமே தெரியலப்பா. அப்பறம் நெனச்சேன், நீ இங்கதான இருக்க. அடிச்சிருந்தா வந்திருப்பியே. அப்ப மணிதான் வேலை செய்யலன்னு புரிஞ்சுது. அதுக்கப்பறம் பயம் கொஞ்சம் கொறைஞ்சுது."

மனைவி கணவரைப் பார்த்தாள்.

"ஆமா அக்கா" என்றார் மெக்கானிக். "மணிதான் ரிப்பேர்."

"இப்பவே சரி பண்ணிரு. அடுத்த ஆள் மாட்டிக்கிட்டா பாவம்."

படிக்கட்டுக்கு அடியில், இருட்டு மூலையில், மணியின் இணைப்புப் பெட்டி இருந்தது. மெக்கானிக் திருப்புளியை எடுத்தார். புதினா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாவிக்கொத்தில் தொங்கிய குட்டி டார்ச்சை அடித்துக் காட்டினார். இரவு வண்டிகளில் சில்லறை தேடிய டார்ச். மெக்கானிக் மூடியைத் திறந்தார். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்த திருகாணி ஒன்றைத் தளர்த்தினார். பிறகு அதையே முடுக்கினார். மனைவி சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போய்ப் பாட்டைத் தொடரும்படி யாரோ வந்து கூப்பிட்டார்கள். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

படிக்கட்டின் மேல் தொங்கிய ஒலிபெருக்கி கொரகொரத்தது. செயலாளர் பேச ஆரம்பித்தார்.

"அன்பர்களே! மண்டலத் தலைவர் முன்னிலையில இன்னிக்கு ஒரு சாட்சியைப் பாத்தோம். லிஃப்ட் மணி அடிச்சுது. ஒரு தடவை இல்ல, விடாம அடிச்சுது. அந்த மணியைத் தன் கையாலேயே மாட்டின நம்ம லிஃப்ட் மெக்கானிக் பிரதர் முன்வரிசையில முழங்கால்ல இருந்தாரு. அவருக்குக் கேக்கலையா? கேட்டுது! நான் கண்ணைத் தொறந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு மணிக்கும் அவரு தோள் துடிச்சுது. எழுந்தாரா? எழல! சொந்த மனைவியே வந்து தொடற வரைக்கும் எழல! இதுதான் முழு முனைப்பு. வாழ்நாள்ல இன்னிக்குத்தான் ஒரு முழு எடையைப் பாத்தேன்."

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. வெகுநேரம் நீடித்தது.

திருப்புளி திருகாணியின் மேலேயே நின்றுவிட்டது. மெக்கானிக்கால் திரும்ப முடியவில்லை. இப்போது அது குற்றமில்லை, ஆனாலும் முடியவில்லை. டார்ச் வெளிச்சம் பெட்டியை விட்டு விலகும் என்று காத்திருந்தார். அது கொஞ்சம் ஆடியது. பிறகு ஆடாமல் நின்றது.

பின்னால் மிட்டாய்க் காகிதம் பிரியும் சத்தம் கேட்டது.

"அந்தக் கீழ் ஆணியையும் நல்லா முடுக்கிருப்பா" என்றார் அக்கா. "வெளிச்சம் போதுமா?"